கடற்புல் சேர்த்துவைக்கும் சத்து: கரையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மல்லிப்பட்டினத்திலிருந்து தொண்டி வரை பாக் விரிகுடாக் கரையில் கடற்புல்லைப் பற்றிப் பேச எங்கே போனாலும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் வருகின்றன. வலை பின்னிக்கொண்டே கேட்பவர்கள் உண்டு, பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கிக் கேட்கும் பிள்ளைகள் உண்டு, தென்னந்தோப்புக்காரர்களும் உண்டு. கேட்கக் கேட்கக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அவற்றை எளியதிலிருந்து கடினமானதற்குப் போகும்படி இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தில் சத்து என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இரண்டுதான்: தழைச்சத்து என்னும் நைட்ரஜன், மணிச்சத்து என்னும் பாஸ்பரஸ். வயலுக்கு யூரியாவாகவும் டிஏபியாகவும் நாம் போடுபவைதான் இவை.

கடற்புல், கடல்தாழை, கடற்பாசி எல்லாம் ஒன்றுதானே?

கடற்புல்லும் கடல்தாழையும் ஒன்று. கடற்பாசி வேறு. பாசிக்கு வேர் கிடையாது. பாறையையோ கயிற்றையோ பற்றிக்கொண்டு, தனக்கு வேண்டியதை நீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். கடற்புல்லுக்கு வேர் உண்டு, மண்ணுக்குள் படுத்து ஓடும் கிழங்குத்தண்டு உண்டு, இலை உண்டு. அது பூக்கும், காய்க்கும், விதை போடும். தரையில் வாழ்ந்த பூக்கும் தாவரத்தின் வழிவந்த செடி அது, கடலுக்குள் குடிபோனது.

இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேர் இருப்பதால்தான் மண்ணோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பின்னால் வரும் பதில்கள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கடல்நீரிலேயே எல்லாச் சத்தும் கரைந்திருக்கிறதே, புல் எதற்குச் சேர்த்துவைக்க வேண்டும்?

உப்பு நிறையக் கரைந்திருக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அப்படியில்லை. வெயில் எட்டும் தெளிந்த வெப்பக் கடலில் இவை இரண்டும் மிகக் குறைவு. வந்த வேகத்தில் நுண்பாசிகள் தின்றுவிடுகின்றன. மழைக்காலத்தில் ஆற்றுநீரோடு கொஞ்சம் வரும், பிறகு மாதக்கணக்கில் வறட்சிதான். மழை பெய்யும்போதே கண்மாயில் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும் ஊரைப்போல, கிடைக்கும்போது பிடித்து வைத்துக்கொள்ளும் செடிதான் அங்கே பிழைக்கும்.

சேமிப்பு எங்கே இருக்கிறது? இலையிலா, வேரிலா, மண்ணிலா?

மூன்றிலும். பெரும்பங்கு மண்ணில்.

நீர் வற்றும் நேரத்தில் முழங்கால் ஆழத்தில் நின்று, புல் இருக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி சேற்றைத் தோண்டிப் பாருங்கள். மேலே விரல் பருமனுக்குப் பழுப்பு நிறத்தில் மென்மையான வண்டல் இருக்கும். அதற்குக் கீழே கருஞ்சேறு. மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்தக் கருமைக்குள் வெள்ளையும் செம்மையுமாகக் கணுக்கணுவாகக் கிழங்குத்தண்டு ஓடும். மெல்லிய வேர்களைச் சுற்றிச் சில இடங்களில் துரு நிறத்தில் ஒரு படலம் தெரியும். வேர் கசியவிடும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கியதால் வந்த நிறம் அது. மணிச்சத்து அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். பவளத்தூள் கலந்த வெண்மணலில் இரும்பு குறைவு. அங்கே சுண்ணாம்புத் துகள்கள் மணிச்சத்தைப் பிடித்து வைக்கின்றன.

தழைச்சத்து, மட்கிய இலை, வேர், நுண்ணுயிர் என்னும் வடிவங்களில் அந்தச் சேற்றிலேயே புதைந்து கிடக்கிறது. அது மட்கி அம்மோனியமாக மாறும்போது வேர் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். மேலே நீரில் இருப்பதைவிடச் சேற்றின் ஈரத்தில் அம்மோனியம் பல மடங்கு அதிகம். இலையும் நீரிலிருந்து நேராகச் சத்தை எடுக்கும். மேல்வாய், கீழ்வாய் என இரண்டு வாய் உள்ள செடி என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மண்ணுக்குள் அவ்வளவு சத்து எப்படி வந்து சேர்கிறது?

பாதி வேலையைப் புல் நின்ற இடத்தில் நின்றே செய்கிறது. அடர்ந்த இலைகளுக்குள் நீரோட்டம் தளர்ந்துபோகும். தளர்ந்த நீர் தான் சுமந்து வந்த நுண்வண்டலை அங்கேயே இறக்கிவிடும். வண்டலோடு மட்கும் வருகிறது, மிதவை உயிரிகளின் மிச்சமும் வருகிறது. கீழே விழுந்ததை அலை மறுபடி கிளப்பாதபடி கிழங்குத்தண்டுகள் பாய் பின்னியதுபோல் பிடித்துக்கொள்கின்றன.

இன்னொரு வழி காற்றிலுள்ள நைட்ரஜன். உளுந்து, நிலக்கடலை வேர்முடிச்சுகளில் பாக்டீரியா தழைச்சத்து சேர்த்துத் தருவதை விவசாயிகள் எல்லோரும் அறிவார்கள். கடற்புல்லின் வேரைச் சுற்றியுள்ள சேற்றிலும் அப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் உண்டு. மத்தியதரைக் கடலின் பொசிடோனியா என்னும் கடற்புல்லில், வேரின் உள்ளேயே குடியிருந்து சர்க்கரையை வாங்கிக்கொண்டு தழைச்சத்தைத் திருப்பித் தரும் பாக்டீரியாவை 2021-இல் கண்டறிந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அவரைக்குடும்பத்துச் சங்கதி கடலடியிலும் நடக்கிறது!

இலை எப்படியும் உதிர்ந்து கரையில் ஒதுங்கிவிடுகிறதே, சத்து அதோடு போய்விடாதா?

ஒரு பங்கு போகும். ஆனால் உதிர்வதற்கு முன் பழைய இலையிலிருந்து சத்தைப் புல் திரும்ப இழுத்துக்கொண்டு இளந்தளிருக்கு அனுப்புகிறது. பல இனங்களை ஒப்பிட்டதில், சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான் இப்படி மீட்கப்படுகிறது என்று தெரிகிறது. மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. அலையில் அறுந்தும் ஆமை கடித்தும் இலைகள் பாதி வயதிலேயே போய்விடுவது அதற்கு ஒரு காரணம்.

மீதியைக் காப்பாற்றுவது மண்தான். அங்கேயே விழுந்த இலை மெதுவாக மட்கும், ஏனென்றால் அதில் நார் அதிகம், சத்து குறைவு. மிதவைப் பாசியில் ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு 106 பங்கு கார்பன் அணுக்கள் என்றால், கடலடித் தாவரங்களில் ஏறத்தாழ 550. மிதவைப் பாசி செத்த சில நாட்களில் சத்தை நீருக்கே விட்டுவிடும். கடற்புல்லின் கிழங்குத்தண்டோ காற்றில்லாத சேற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

எவ்வளவு என்று கணக்காகச் சொல்லுங்கள். "நிறைய" என்றால் எங்களுக்குப் புரியாது.

நியாயமான கேள்வி. உலகெங்கும் அளந்த கடற்புல் இலைகளின் சராசரி: காய்ந்த எடையில் தழைச்சத்து ஏறத்தாழ 1.9 விழுக்காடு, மணிச்சத்து 0.23 விழுக்காடு. காய்ந்த இலை ஒரு டன் இருந்தால் தழைச்சத்து 19 கிலோ. நம் கடையில் கிடைக்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக, ஒரு டன் காய்ந்த இலைக்குள் ஏறத்தாழ ஒரு மூட்டை யூரியாவின் தழைச்சத்து இருக்கிறது. மணிச்சத்து அதே டன்னில் இரண்டு கிலோ சொச்சம், அதாவது பன்னிரண்டு கிலோ டிஏபிக்குக் கொஞ்சம் குறைவு.

இது இலைக் கணக்கு மட்டுமே. மண்ணுக்குள் இருப்பது இடத்துக்கு இடம் மாறும். களிமண்ணா, மணலா, புல் எத்தனை காலமாக நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகத்தில், கடற்புல் மட்டும் ஏறத்தாழ 12,250 ஹெக்டேர் என்று அரசு கணக்குக் கொடுத்தது. அவ்வளவு பரப்புக்கும் இந்த யூரியாக் கணக்கை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் அங்கே என்ன கிடக்கிறது என்பது புலப்படும்.

சேர்ந்த சத்து எத்தனை காலம் தங்கும்? ஓர் ஆண்டா, இரண்டா?

அமெரிக்காவின் புளோரிடா விரிகுடாவில் 1981-இல் தொடங்கிய சோதனை ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை. கடற்புல் திட்டில் கம்புகளை நட்டு, உச்சியில் பறவை உட்கார மரக்கட்டை வைத்தார்கள். நீர்க்காகங்களும் ஆலாக்களும் வந்து உட்கார்ந்தன. எச்சம் நேராகக் கீழே புல்லின் மேல் விழுந்தது. அந்தக் கடல் மணிச்சத்துக்கு ஏங்கிக் கிடக்கும் கடல். கம்பைச் சுற்றிப் புல் பச்சைவட்டமாகத் தழைத்தது. ஆமைப்புல் என்று அழைக்கப்படும் அகலஇலைப் புல் இருந்த இடத்தை, சத்து கண்டால் விரைந்து வளரும் மெல்லிலைப் புல் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது.

இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் எச்சம் விழுந்த சில இடங்களில் கம்புகளை எடுத்துவிட்டார்கள். பறவையும் போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோதும் அந்த இடங்கள் சுற்றியுள்ள புல்வெளியிலிருந்து வேறுபட்டே இருந்தன. மண்ணில் மணிச்சத்து அப்படியே கூடுதலாக இருந்தது. அலையும் புயலும் உள்ள கடலில், இரண்டு ஆண்டு எச்சத்தை இருபது ஆண்டுக்கு மேல் பிடித்துவைத்திருக்கிறது அந்தப் புல்வெளி. இதைச் சொன்னதும் பெரியவர் ஒருவர், "அப்படியானால் நாம் இன்று கொட்டுவதும் பேரன் காலம் வரைக்கும் கிடக்குமா, தம்பி?" என்றார். கிடக்கும்.

சத்து நல்லதுதானே? இறால் குட்டைத் தண்ணீரும் சாக்கடையும் வந்தால் புல் இன்னும் செழிக்க வேண்டுமே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் வந்தால் செழிக்கும். புளோரிடாக் கம்புகளே சாட்சி. அளவு மீறினால் புல்தான் முதலில் சாகும். சத்தை விரைந்து பிடிப்பதில் மிதவைப் பாசியும் இலைமேல் படரும் பாசியும் புல்லை எளிதாக முந்திவிடும். நீர் பச்சையாகக் கலங்கும், இலை ரோமம் முளைத்ததுபோல் பாசி போர்த்திக்கொள்ளும், வெளிச்சம் கீழே போகாது. மிதவைப் பாசிக்கு மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு போதும். கடற்புல்லுக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் வேருக்கு ஆக்சிஜன் போகாது. முன்னே சொன்ன துருப்படலம் கரைந்து, சேற்றின் நச்சுக் கந்தகம் வேருக்குள் ஏறும்.

புளோரிடாவின் இந்தியன் ஆற்றுக் காயலில் இதுதான் நடந்தது. ஆண்டாண்டாகக் கழிவும் உரமும் சேர்ந்து, 2011-இல் பாசி பெருவெடிப்பாய்ப் பெருகி, கடற்புல் பெருமளவு அழிந்தது. புல் போன பின் அதையே நம்பியிருந்த மனாட்டிகள், நம் ஆவுளியா என்னும் கடற்பசுவின் உறவினங்கள், பட்டினியால் செத்தன. 2021-இல் புளோரிடா முழுவதும் 1,100 மனாட்டிகள் மடிந்தன. அதே மாநிலத்தின் டாம்பா விரிகுடாவில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தழைச்சத்து வரத்தைக் குறைத்தார்கள். 2014 கணக்கெடுப்பில் கடற்புல் 40,000 ஏக்கரைத் தாண்டியது. சில ஆண்டுகளில் அங்கும் மறுபடி குறையத் தொடங்கியது. ஆகவே ஒருமுறை மீட்டால் போதும் என்று யாரும் இருந்துவிட முடியாது.

2019-இல் பூங்கோரை வந்து கடல் பச்சையானதே, புல் இருந்தும் ஏன் தடுக்கவில்லை?

அந்த ஆண்டு செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் கேட்பது இது. பூங்கோரை என்பது நொக்டிலூகா என்னும் மிதவை உயிரி. காற்றும் நீரோட்டமும் அதைத் திறந்த கடலிலிருந்து தள்ளிக்கொண்டு வரும். மேலே மிதந்து வருவதை அடியில் நிற்கும் புல் தடுக்க முடியாது. கடற்புல் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நானும் சொல்லித் திரிந்தால் அது பொய்யாகிவிடும். கரையிலிருந்து மெதுவாகக் கசிந்து வரும் சத்தைப் பிடிப்பதுதான் அதன் திறமை.

தண்ணீரைச் சோதித்தவர்கள் "சத்து மிகக் குறைவு, கடல் சுத்தம்" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன கவலை?

நீரில் இல்லை என்றால் வரவே இல்லை என்று பொருளில்லை. வந்ததைப் புல்லும் சேறும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கலாம். வங்கியில் போட்ட பணத்தைச் சட்டைப்பையில் தேடுவதுபோல் ஆகிவிடும். நீர் சொல்வது எடுத்த அந்த நேரத்துச் செய்தியை மட்டும். இலை சொல்வது பல வாரச் செய்தியை. அதனால் ஆய்வாளர்கள் இலையையே காயவைத்து அளக்கிறார்கள். தழைச்சத்து 1.8 விழுக்காட்டுக்கும் மணிச்சத்து 0.2 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் புல் பசியோடு இருக்கிறது என்று கொள்வது வழக்கம். ஆண்டுக்கு ஆண்டு அந்த விழுக்காடு ஏறிக்கொண்டே போனால், நீர் தெளிவாக இருந்தாலும் எங்கிருந்தோ சத்து வந்துகொண்டிருக்கிறது.

இழுவை மடியில் இலைதானே அறுகிறது? புல் மறுபடி முளைத்துவிடாதா?

இலை மட்டும் அறுந்தால் முளைக்கும். விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் வலைதான் இழுவை மடி. அதன் பலகையும் அடிச்சங்கிலியும் சேற்றைக் கீறிக் கிழங்குத்தண்டையே பெயர்க்கின்றன. அப்போது முன்னே சொன்ன கிழங்குத்தண்டுப் பாய் கிழிகிறது. காற்றில்லாமல் புதைந்திருந்த சேறு நீரில் கலந்து, அம்மோனியமும் மணிச்சத்தும் ஒரேயடியாக வெளியே வரும். கலங்கிய நீரில் பக்கத்துப் புல்லுக்கும் வெளிச்சம் போய்விடும். புல் மெதுவாகச் சேர்த்தது, சில நிமிடங்களில் பாசிக்குத் தீனியாகிவிடுகிறது.

விசைப்படகுத் தொழிலாளர்களின் பிழைப்பும் எனக்குத் தெரியும். இதைச் சொல்லும்போது கூட்டத்தில் முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் ஓரா மீனும் நீலக்கால் நண்டும் குஞ்சாக ஒதுங்கும் இடம் அது என்பதை அவர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆவுளியாவும் வேரோடு பிடுங்கித்தானே தின்கிறது? அது மட்டும் சேதம் இல்லையா?

நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். கிழங்குத்தண்டையும் தோண்டித்தான் தின்னும். மேய்ந்த தடம் ஒரு சாண் அகலத்தில் கோடுபோல் நீளும். கோட்டுக்கு இரு பக்கமும் புல் உயிரோடு இருப்பதால் அது விரைவில் மூடிக்கொள்கிறது. ஆவுளியா விரும்புவதும் விரைந்து வளரும் சிறு இனங்களையே. தின்றதில் பெரும்பங்கு சத்து சாணமாக அதே புல்வெளிக்குத் திரும்புகிறது. மாடு மேய்ந்த மேய்ச்சல் நிலத்தையும் புல்டோசர் ஓடிய நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கரையில் மலைபோல் ஒதுங்கும் தாழையை அள்ளித் தென்னைக்குப் போடலாமா?

வாடைக்காற்றுக் காலத்தில் சில இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் குவியும். முன்பு சொன்ன கணக்குப்படி அதில் சத்து உண்டு. மழையில் உப்பு கழுவப்பட்ட பிறகு மூடாக்காகப் போடலாம். ஆனால் கரையை வழித்து எடுக்கக் கூடாது. அந்தக் குவியல் மணலை அலை அரிக்காமல் காக்கிறது. அதில் சிறு நண்டும் புழுவும் வாழ்கின்றன, அவற்றை உண்ணப் பறவைகள் வருகின்றன. மேலே காய்ந்ததை மட்டும் கையால் அள்ளுங்கள். இயந்திரம் வேண்டாம். கடலுக்குள் நிற்கும் புல்லை உரத்துக்காகப் பிடுங்குவது விதைநெல்லைச் சமைப்பது போன்றது.

கார்பன் சேமிப்பு என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதுவும் இதுவும் வேறா?

ஒரே சேற்றில், ஒரே மட்கில் இருப்பவைதாம். கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கடற்புல், கடலில் புதையும் கரிமப் பொருளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் புதைக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். கார்பனுக்கு விலை பேசுகிறார்கள், அதனால் அந்தச் சொல் காதில் அடிக்கடி விழுகிறது. கரையில் வாழ்பவருக்குச் சத்துக் கணக்கு அதைவிட நெருக்கமானது என்பது என் எண்ணம். அது கெட்டால் அடுத்த பருவத்திலேயே வலையில் தெரியும்.

அழிந்த இடத்தில் மறுபடி நட்டால் சேமிப்பும் திரும்புமா?

திரும்பும், பொறுமை வேண்டும். அமெரிக்காவின் விர்ஜினியாக் கடற்கரைக் காயல்களில் 1930-களில் நோயாலும் புயலாலும் கடற்புல் அடியோடு போனது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து விதைக்கத் தொடங்கி, 7 கோடிக்கு மேல் விதைகள் போட்டார்கள். 2018-க்குள் 3,600 ஹெக்டேர் பரவியது. விதைத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மண்ணில் கார்பன் சேரும் வேகம் இயற்கைப் புல்வெளிகளை எட்டியது. வேகம்தான் எட்டியது, பழைய இருப்பு சேர இன்னும் காலமாகும்.

நம் பக்கத்தில் தூத்துக்குடி, மன்னார் வளைகுடாவில் குழாய்ச் சட்டங்களில் சணல் நூலால் கட்டியும், பாக் விரிகுடாவில் மூங்கில் சட்டங்களில் தேங்காய்நார்க் கயிற்றில் கட்டியும் நடுகிறார்கள். மூங்கிலும் நாரும் மட்கிப்போகும் என்பதால் எனக்கு அந்த முறை மிகவும் பிடித்தது. புல் ஏன் அழிந்தது என்ற காரணம் அங்கேயே இருந்தால் எந்தச் சட்டத்தில் நட்டாலும் நிற்காது.

புல்லே சுத்தம் செய்கிறது என்றால் கழிவு வேலையை அதனிடமே விட்டுவிடலாமே?

இந்தோனேசியாவில் மக்காசர் அருகேயுள்ள தீவுகளில், கடற்புல் இருந்த இடத்து நீரில் நோய்க்கிருமி பாக்டீரியா பாதியாகக் குறைந்திருந்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைப் படித்துவிட்டு ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர் இதே யோசனையைச் சொன்னார். அங்கே நான் சொன்ன பதில்தான் இங்கேயும்: இறால் குட்டைப் பதிலைத் திரும்பப் படியுங்கள். எல்லைக்குள் இருக்கும்வரை வாங்கும். எல்லை தாண்டிய அன்று, வாங்கியவன் சாவதோடு வாங்கி வைத்ததும் வெளியே வரும்.

எங்கள் ஊர்க் கடலில் நிலைமை நலமா என்று நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். கருவி வேண்டாம். ஒரே இடத்துக்கு, ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் போங்கள். மூன்றைக் குறித்துவையுங்கள்.

உள்ளிருந்து வரும் இளைய இலையையும் வெளியே உள்ள பழைய இலையையும் பறித்துப் பாருங்கள். பழையதில் கொஞ்சம் பாசி இருப்பது இயல்பு. இளையதும் பாசி போர்த்தியிருந்தால் சத்து மிகுந்துவிட்டது. அடுத்து, புல் எந்த ஆழத்தோடு நின்றுபோகிறது என்று பாருங்கள். முன்பு இரண்டு ஆள் ஆழத்தில் இருந்தது இப்போது ஓர் ஆள் ஆழத்திலேயே முடிந்தால் வெளிச்சம் குறைகிறது. கடைசியாக, மேலே சொன்ன கைப்பிடிச் சேறு. மேல் பழுப்பு மெலிந்து கருமை மேலேறி வந்தால் தேதியோடு எழுதிவைத்து, அந்தக் கரையில் அண்மையில் புதிதாக எந்த வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்று நடந்து போய்ப் பாருங்கள்.